எனக்குக் கண்ணு போச்சு, நீ வா

அக்காவோடு சினிமாவுக்குப் போவது ஒரு தண்டனை. இடைவேளைக்கு விளக்கு போட்டதும் எழுந்துவிடுவார். முறுக்கு வாங்க இல்லை, வீட்டுக்குப் போக. "எனக்குக் கண்ணு போச்சு. இனிமே படம் ஓடும், நான் பாக்க மாட்டேன். நீ இருந்து பாத்துட்டு நாளைக்கு மிச்சத்தச் சொல்லு" என்று செருப்பைத் தேடுவார். மறுநாள் டியூட்டியில் நான் மீதிக் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கோ வாய் சும்மா இருக்காது. வில்லனைத் திருத்தி, அவனுக்கே கதாநாயகியைக் கட்டிவைத்து, சுபம் போட்டுவிடுவேன். அக்கா அத்தனையையும் நம்பினார். அந்த வருடங்களில் தர்மபுரிக்கு வந்த படங்களில் முதல் பாதி மட்டும்தான் அவர் பார்த்தது. மறுபாதி முழுக்க என் கைங்கரியம்.

"கண்ணு போச்சு" என்பதை அவர் அடிக்கடி சொல்வார். புதிதாகக் கேட்பவர்கள் பதறுவார்கள். கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது, ஊசியில் நூல் கோக்க எங்கள் ஆஸ்பத்திரியே அவரிடம்தான் போகும். கண் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே எதுவும் போய்ச் சேரவில்லை என்பதற்கு அவர் வைத்துக்கொண்ட சொல் அது. நம் எல்லோருக்கும் ஒரு நாளில் பத்து தடவை நடப்பதுதான். யாரும் வெளியே சொல்வதில்லை. இவர் சொல்லுவார், அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி.

நாங்கள் இருவரும் நர்சுகள், வேலையில் எனக்கு மூத்தவர் என்பதால் அவர் அக்கா. எண்பதுகளின் நடுவில், தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு டாக்டர் நடத்திய தனியார் ஆஸ்பத்திரி. நான் நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அக்கா டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குக் கடைத்தெருவில் தகரப் பெட்டிக் கடை. வீட்டுக்குள் உருது, வாசலைத் தாண்டினால் எங்களைவிட நல்ல தமிழ். அந்த வீட்டிலிருந்து வேலைக்கு வந்த முதல் பெண் அக்காதான். அப்பா மனசில்லாமல்தான் அனுப்பினார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு புகார் கடைக்கு வந்தாலும் அன்றைக்கே வேலை நிறுத்தம், அடுத்த மாதமே கல்யாணம். இதை என்னிடம் சொன்னபோது அக்கா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் மெட்ராசுக்குப் போய் ஒரு பழைய மானிட்டர் வாங்கிக்கொண்டு வந்தார். மாரடைப்பு வந்தவர்களின் மார்பில் பட்டைகளை ஒட்டி ஒயரை மாட்டினால், சின்னத் திரையில் இதயத் துடிப்பு பச்சைக் கோடாக எகிறி எகிறி ஓடும். அதற்கென்று இரண்டு கட்டில் போட்டு ஒரு தனி அறை ஒதுக்கினார்கள். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அதை டிவி பொட்டி என்றார்கள். எங்களுக்குப் பெட்டி.

பெட்டிக்குள் ஒரு அலாரம் இருந்தது. அதைப் போல ஒரு பொய்க்காரி உலகத்தில் கிடையாது. நோயாளி இருமினால் கத்தும். ஃபேன் காற்றில் ஒயர் ஆடினால் கத்தும். வேர்வையில் பட்டை கழன்றுவிட்டால், ஆளே போய்விட்டார் என்று கத்தும். முதல் வாரம் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். அடுத்த வாரம் நடந்தோம். அதற்கப்புறம் இருந்த இடத்திலிருந்தே "பட்டையப் பாரு" என்று சத்தம் கொடுத்தோம். அக்காதான் ஒருநாள் சொன்னார்: "இது கத்துனா நாம ஓடணும். நாம ஓடறத நிறுத்திட்டோம். அப்பறம் இது கத்துனா என்னா, கத்தாட்டி என்னா?" டாக்டர் அதைக் கேட்டு, "அதனாலதாம்மா ஒரு ஆள் எந்நேரமும் எதிர்ல உக்காந்திருக்கணும்னு சொல்றேன்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன வேலை என்று. மலை ஏறுவது, மூட்டை தூக்குவது எல்லாம் ஒரு வகையில் சுகம், உடம்பு தளர்வது உடனே தெரிந்துவிடும். இது அப்படியில்லை. ஒரே கோடு, ஒரே எகிறல், இடது பக்கத்தில் வந்து வலது பக்கத்தில் மறையும். கொஞ்ச நேரத்தில் கண் மட்டும் திரையில் இருக்கும், நான் நல்லம்பள்ளியில் எங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பேன். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுவார். "ஓடுது. சீரா ஓடுது. இதோ ஒண்ணு குட்டையா வந்துச்சு. மறுபடி சீரா ஓடுது." நடுநடுவே எழுந்து நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, கைக்குத் தெரிவதும் கண்ணுக்குத் தெரிவதும் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்ப்பார். சொல்லிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் குரல் ராகம் பிடித்துவிடும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. அதை அவர் காதே கண்டுபிடித்துவிடும். சட்டென்று எழுந்து நிற்பார். "வாய் தானா சொல்லுது. எனக்குக் கண்ணு போச்சு, நீ வா." நான் எந்த வார்டில் இருந்தாலும் கைவேலையை முடித்துவிட்டுப் போய் ஸ்டூலில் உட்கார வேண்டும், அவர் என் வார்டைப் பார்த்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மாற்றிக்கொள்வோம்.

டாக்டர் ஒருமுறை பெரிய மனது பண்ணி கை வைத்த, மெத்தை போட்ட நாற்காலி ஒன்றை அந்த அறைக்கு வாங்கிப் போட்டார். அக்கா அதில் ஒருதரம் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். தானே வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். "இதுல உக்காந்தா வூட்டு ஞாபகம் வருது டாக்டர்."

அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அங்கேயும் இதே கதைதான். ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்குவார்கள். அக்கா கொஞ்சம் பொறுக்கிவிட்டு முறத்தை அப்படியே அவர் அம்மாவிடம் நகர்த்தி, எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொல்வார். "கல்லும் அரிசியும் எனக்கு இப்ப ஒண்ணாத் தெரியுது, நீங்க பாருங்கம்மா." அம்மா உருதுவில் ஏதோ திட்டிக்கொண்டே வாங்குவார். இப்படி முறம் மூன்று பேர் கைக்கு மாறித்தான் அரிசி உலைக்குப் போகும். பசியோடு போன எனக்கு அந்த வீட்டு முறையின் அருமை அன்றைக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டுச் சோற்றில் நான் ஒரு நாளும் கல் கடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஆளை அறுத்துவிடுவார் என்பதும் உண்மைதான். பாலக்கோடு போகிற பஸ்ஸில் ஒரு மத்தியானம் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், "அண்ணா, வண்டிய நிறுத்துங்க. ஒரு டீ குடிச்சிட்டு எடுங்க" என்றார். டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் தூங்கறத நீ பாத்தியாம்மா?" "தூங்கல அண்ணா. முன்னாடி வந்த மாட்டு வண்டிக்கு ஆரன் அடிச்சீங்க, அந்த வண்டி போனப்பறமும் அடிச்சிக்கிட்டே வந்தீங்க." பஸ்ஸே சிரித்தது. அவர் முறைத்துக்கொண்டே அடுத்த கடையில் நிறுத்தினார். கண்டக்டரும் பயணிகளும் எங்களைப் பார்த்த பார்வையை நான்தான் தாங்கினேன், அக்கா நிம்மதியாக டீ குடித்தார். என்னிடமும் திடீர் திடீரென்று கேட்பார்: "ஏம்மா, இப்ப பாக்கறியா, சும்மா உக்காந்திருக்கியா?" அந்தக் கேள்வி வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தில் ஒன்பது தடவை சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அதற்குக் காரணம்.

அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது ரம்ஜான் மாதத்தில். நோன்பு அப்போது நடு வெயில் காலத்தில் வந்தது. மே மாதத் தர்மபுரி எப்படிக் காயும் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா தண்ணீர்கூடத் தொண்டையில் இறக்காமல் வேலைக்கு வருவார். நோன்பு ஆரம்பித்த முதல் நாளே டாக்டரிடம் போய், "காலைல என்னைய எவ்ளோ வேணா பெட்டி முன்னால உக்கார வைங்க. மூணு மணிக்கு மேல வேணாம். வேற எந்த வேலைன்னாலும் குடுங்க, செய்யறேன்" என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் நல்லபடியாகத்தான் கேட்டார். "நோன்பு வெச்சா சக்தி வரும்னு சொல்வாங்களேம்மா?"

"வருது டாக்டர். கண்ணுக்கு மட்டும் வரல."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் பக்தி பெரிய பக்தி, ஒரு நோன்பையும் விட்டதில்லை. அப்படிப்பட்டவர் நோன்பினால் களைப்பாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்வாரா? தனியாகக் கேட்டேன். "நோன்பு எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல. கட்டில்ல படுத்திருக்கறவர் என்னா பண்ணுனாரு பாவம்" என்றார்.

அந்த மாதத்தில்தான் மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி மண்டிக்காரர் ஒருவர் தன் அண்ணனைக் கொண்டுவந்து சேர்த்தார். அண்ணனுக்கு மாரடைப்பு. அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்து, மண்டி வைத்துக் கொடுத்த அண்ணன். தம்பி நல்ல ஆகிருதி, மண்டியில் ஏலம் கூவிக் கூவி ஏறிப்போன குரல். மெதுவாகப் பேச அவருக்கு வராது, ரகசியம் சொன்னால்கூட தெருமுனைக்குக் கேட்கும். சாப்பாடு, தூக்கம் எதுவும் இல்லாமல் அறைக் கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அலாரம் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் "ஐயோ அண்ணா" என்று உள்ளே பாய்ந்துவிடுவார். "இந்தச் சத்தத்துலயே எங்கண்ணனுக்கு உசுரு போயிருங்க" என்று டாக்டரைப் பிடித்து உலுக்கினார். டாக்டர் அலாரத்தின் சத்தத்தை அடியோடு குறைத்துவைத்தார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல், டியூட்டி போட்டதில் ஏதோ குளறுபடியாகி, அக்காவே பெட்டி முன் உட்கார வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரத்தில் எழுந்து கதவைத் திறந்து, வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். "எனக்குக் கண்ணு போச்சு, நீ வா."

மண்டிக்காரர் கதவிலேயே நின்றிருந்தார். அவ்வளவுதான், வராந்தா அதிர்ந்தது.

"என்னாங்க இது அநியாயம்? பாக்கறதுக்குத்தான சம்பளம் குடுக்கறாங்க? எங்கண்ணன் அங்க உசுருக்குக் கெடக்கறாரு, இந்தம்மா கண்ணு போச்சுங்குது! யாரு வூட்டுப் பொண்ணு இது? அப்பன் யாரு, கடை எங்கன்னு சொல்லுங்க, நான் போயி நேர்ல கேட்டுட்டு வரேன்!"

கடை என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். டாக்டர் வந்து மண்டிக்காரரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, சொந்தக்காரங்க முன்னால இப்படியா சொல்றது? ஆஸ்பத்திரி பேர் என்னாவறது?"

"சொல்லாம உக்காந்திருந்தா பரவால்லீங்களா டாக்டர்?"

 மண்டிக்காரருடைய வாய் ஊர் வாய், அதற்கு டாக்டர் பயந்தார். நாளை மத்தியானம் நீங்களே உட்காருங்கள், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்காருங்கள், யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னைப் பின்பக்க வார்டுக்கு மாற்றிவிட்டார்.

அடுத்த நாள் அக்கா உட்கார்ந்தார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மண்டிக்காரர் நின்றார். நான் பின் வார்டிலிருந்து இரண்டு முறை எட்டிப்பார்த்தேன். முதுகு வளையாமல், கண் இமைக்காமல், சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, முடியாது முடியாது என்று இத்தனை நாள் சும்மாதான் சொன்னாரோ என்று.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுக்க அந்த அறைக்குள் போனேன். உள்ளே நுழைந்ததும் அக்காவின் குரல் கேட்டது. "ஓடுது... ஓடுது... சீரா ஓடுது..." தாலாட்டு மாதிரி இருந்தது. திரையைப் பார்த்தேன். ஒரு எகிறலுக்கும் அடுத்த எகிறலுக்கும் நடுவில் பச்சைக் கோடு நீளமாகப் படுத்துக் கிடந்தது. இதோ வரும் என்று பார்த்தால் வரவில்லை. அப்புறம் ஒன்று வந்தது. துடிப்பு ஒரேயடியாக விழவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து அந்த நிலைக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் நோயாளிக்கு நெற்றியெல்லாம் வேர்வை முத்து முத்தாக நின்றது. தூங்குவது போலத்தான் கிடந்தார்.

"அக்கா!"

அந்தச் சத்தத்தில் அவர் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்ததை நான் நேரில் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் வேகத்தைச் சொல்லி மாளாது. மணிக்கட்டைப் பிடித்தார், கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார், "டாக்டரக் கூப்புடு" என்றார். நான் டாக்டரோடு வருவதற்குள் மருந்தை உடைத்து ஊசியில் ஏற்றித் தயாராக நின்றார். டாக்டர் போட்டார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படுத்துக் கிடந்த கோடு மெல்ல மெல்ல எழுந்து ஓட ஆரம்பித்தது. நோயாளி கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டார்.

டாக்டர் வராந்தாவுக்குப் போய் மண்டிக்காரரிடம், "துடிப்பு ரொம்பக் கொறஞ்சு போச்சு. சிஸ்டர் பக்கத்துலயே இருந்ததால பொழச்சாரு" என்றார். அவர் அப்படித்தான் நினைத்தார். அந்த மலை போன்ற மனிதர் அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். எனக்கு அப்பாடா என்று இருந்தது. புகார் போயிற்று, கடைக்குப் போகிற பேச்சும் போயிற்று, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அக்கா வாயைத் திறக்கப்போகிறார் என்று தெரிந்து நான் அவர் கையைக் கிள்ளினேன். "அக்கா, வேணாம். யாருக்கும் தெரியாது" என்று காதில் சொன்னேன்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டார்.

"கும்புடாதீங்க அண்ணா. நான் பாக்கல."

"என்னாம்மா சொல்ற?"

"நீங்க என்னையப் பாத்துக்கிட்டு நின்னீங்க. நான் பாக்கற மாதிரி உங்களுக்குத் தெரியணும்னு உக்காந்திருந்தேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா உங்க அண்ணனுக்குத் துடிப்பு எறங்குனது எனக்குத் தெரியல. இந்தப் பொண்ணு உள்ள வந்துதான் பாத்துச்சு. ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா என்னா ஆயிருக்குமோ, எனக்குத் தெரியாது. நேத்து எந்திரிச்ச மாதிரி இன்னைக்கும் எந்திரிச்சிருக்கணும். உங்களுக்குப் பயந்து எந்திரிக்கல. அது என் தப்பு. எங்கப்பா கடை கடைத்தெருவுல பள்ளிவாசலுக்கு எதிர்ல இருக்குது. போயிச் சொல்றதுன்னா சொல்லுங்க."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.  நான் எத்தனையோ தைரியசாலிகளைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன், கத்தியைக் காட்டினவனை அடித்து விரட்டிய பெண்ணைக்கூடத் தெரியும். ஆனால் கும்பிட்ட கையைக் கீழே இறக்கச் சொன்னவரை அவரைத் தவிர வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

மண்டிக்காரர் கதவுப் பக்கம் திரும்பினார். கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். காய்ந்து வெடித்திருந்த அவர் உதட்டைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "இப்ப யாரு பாக்கறாங்க?" என்று கேட்டார்.

"இந்தப் பொண்ணு பாக்கும். நான் போயிக் கொஞ்சம் படுக்கறேன். எந்திரிச்சு வந்து மாத்திக்குவேன்."

சொல்லிவிட்டு அக்கா பக்கத்து அறைக்குப் போனார். மருந்துப் பெட்டிகள் அடுக்குகிற சின்ன அறை. வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்தான், அந்த நொடியே தூங்கிவிட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "ஓடுது. சீரா ஓடுது."

அந்த நேரம் பார்த்து மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு டெம்போ நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சேதி பாதியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் போல. பெண்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு வராந்தாவுக்குள் ஓடிவந்தார்கள். மண்டிக்காரர் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் குரல் தணிந்து வந்ததை நான் உள்ளே இருந்து கேட்டேன்.

"சத்தம் போடாதீங்க. அண்ணன் நல்லாருக்காரு. சிஸ்டர் தூங்கறாங்க."